மூடிய வரி

"பிறந்தவன் கிடைச்சுட்டான்னு குதிக்காதீங்க. முதல்ல அவனைச் சாகடிச்சுப் பாருங்க."

மார்ஸ்டேல் நூலகத்து மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுகிற வம்சாவளிக் குழுவில் கிளெண்டா இதைச் சொல்லாத வாரம் கிடையாது. புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். பழைய ஆட்கள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சிரிப்பார்கள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பிறப்புப் பதிவில் உங்கள் பாட்டனாரின் பெயரில் ஒரு குழந்தை அகப்பட்டால், அது பாலகனாகவே போய்ச் சேர்ந்துவிடவில்லையே என்று இறப்புப் பதிவிலும் பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்து மில் ஊர்களில் பிள்ளைகள் ஈசல் மாதிரிச் செத்தன. இதைப் பார்க்காமல், ஐந்து வயதில் மாண்ட பிள்ளைக்குக் கல்யாணம் கட்டி, எட்டுப் பிள்ளை பெறவைத்து, பெரிய மரமாக வரைந்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் கிளெண்டா லேசில் விடமாட்டாள். "உங்க கொள்ளுத்தாத்தா பேயாயிருந்து குடும்பம் நடத்தினாரோ?" என்று கேட்டு, கூட்டத்தில் வைத்து மானத்தை வாங்கிவிடுவாள்.

அவ்வளவு வாய் பேசியவள்தான் இதைச் செய்தாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளுடைய அண்ணன் டெரெக்குக்கு நுரையீரலில் புற்று வந்திருந்தது. ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவன். பெண்டாட்டி என்றைக்கோ விட்டுப் போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. பேருந்தை விட்டால் அவனுக்கு ஊர் பேண்டுதான் எல்லாம். பித்தளைக் குழல்களிலேயே பெரியதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி வாசிப்பான். மூச்சு போன பிறகு குழலும் போயிற்று. கிளெண்டா அவனைத் தன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு வைத்துக்கொண்டாள். டாக்டர்கள் கோடை வரை தாங்கும் என்று சொல்லவில்லை.

சாவதைப் பற்றி டெரெக்குக்குப் பெரிய கவலை இல்லை. எங்கே புதைப்பார்கள் என்பதுதான் அவனைத் தின்றது. நகரசபையின் புதுக் கல்லறைத் தோட்டம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது.

"காலம் பூரா லாரிக்குப் பின்னாடியே போயாச்சு. செத்தும் அவன் புகையையே குடிக்கணுமா? என்னால ஆகாது, கிளெண்டா."

"எரிச்சுடலாமே. இப்பல்லாம் முக்கால்வாசிப் பேர் அதுதான்."

"இன்ஜின் மேல உக்காந்து வெந்தது போதாதா? இன்னும் வேகணுமா?" என்றான். அப்புறம், விளையாட்டுக் குரல் இல்லாமல், "சாப்பல் பின்னாடி இடம் கிடைக்குமா பாரேன். பேண்டு அறை பக்கத்துலயே இருக்கு. வெள்ளிக்கிழமை பயிற்சி காதுல விழும்" என்றான்.

அண்ணன் தங்கையிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான். அவன் ஒன்றும் கேட்கிற ஆளே இல்லை.

சாப்பல் என்றால் மேட்டுத்தெருவில் இருக்கிற மெதடிஸ்ட் ஆலயம். அங்கே புதுக் குழி தோண்டுவதை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது. பழைய குடும்பக் கல்லறையில் இன்னும் ஒருவருக்கு இடமிருந்தால், அந்த வம்சத்து ஆளை மட்டும் வைக்க விடுவார்கள். கல்லறைக் கணக்கைப் பார்த்துக்கொள்பவன் நார்மன். பேண்டில் கார்னெட் என்கிற சின்னக் குழல் வாசிப்பவன், டெரெக்கின் கூட்டாளி.

"உங்க அம்மாவைப் பெத்தவ லம் வீட்டுப் பொண்ணுதானே?" என்று நார்மனே எடுத்துக் கொடுத்தான். "ஜேபஸ் லம்னு ஒருத்தர் கல்லறை இருக்கு. ஒரு ஆளுக்கு இடம் பாக்கி. அவரு உங்க ஆளுன்னு காட்டு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஜேபஸ் லம்மை மார்ஸ்டேலில் தெரியாதவர்கள் இல்லை. நூற்பாலையில் மேற்பார்வையாளர். ஆலை தீப்பிடித்தபோது மாடிப்படியில் ஏறிப்போய் இரண்டு சிறுமிகளைத் தோளில் போட்டு இறக்கியவர். கல்லிலேயே அதை வெட்டியிருக்கிறார்கள். கிளெண்டாவுக்கு மனசு துள்ளியது. துள்ளாமல் என்ன செய்யும்?

தேடினாள். பாட்டியின் அப்பா ஃப்ரெட் லம். அவர் கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் ஜேபஸ் லம் என்றே இருந்தது. 1881 சென்சஸில் மேட்டுத்தெருவில் மேற்பார்வையாளர் ஜேபஸ், பெண்டாட்டி ஹன்னா, மகன் ஃப்ரெட், வயது ஏழு. அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

ஒரே ஒரு உறுத்தல். கல்யாணப் பதிவில், தகப்பன் தொழில் என்கிற கட்டத்தில், "கூலி" என்று எழுதியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதே சென்சஸில் ஆற்றங்கரைச் சந்தில் இன்னொரு ஜேபஸ் லம். மேற்பார்வையாளருக்குச் சித்தப்பா மகன். இரண்டு வீட்டிலும் தாத்தா பெயரையே மூத்த பேரனுக்கு வைத்திருந்தார்கள், அந்தப் பக்கத்து வழக்கம் அது. அந்த ஜேபஸ் சாயப்பட்டறையில் கூலி. அவருக்கும் ஒரு ஃப்ரெட், வயது ஆறு.

குழுவில் வேறு யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால் கிளெண்டா கண்ணில் விரலை விட்டு ஆட்டியிருப்பாள். இரண்டு ஃப்ரெட்டில் எவன் உங்க ஆள்? சாகடிச்சுப் பாத்தீங்களா? அப்போது கேட்கவில்லை. கல்யாணத்தன்று மகன் அவசரத்தில் எதையோ சொல்லியிருப்பான், எழுதுகிறவன் எதையோ எழுதியிருப்பான் என்று தனக்குத்தானே பூசி மெழுகினாள். முன்னறையில் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுவும் ஒரு சாக்கு. உண்மையைச் சொன்னால், தீயில் குதித்த தாத்தாவை விட்டுவிட்டுச் சாயத்தில் கைவிட்ட தாத்தாவை எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த இடத்துக்கு உரிமையுள்ளவர் மேற்பார்வையாளர் வம்சத்தில் வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. போர் மூண்ட வருடம் வீடு வீடாகப் போய் எடுத்த 1939 பதிவேட்டைத் திறந்தாள். அதே மேட்டுத்தெரு வீடு. ஜேபஸின் கடைசி மகன் ஆர்தர், அவன் பெண்டாட்டி மார்த்தா. இருவரும் அந்தக் கல்லறையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. "இந்த வரி மூடப்பட்டுள்ளது" என்று மேலே எழுதியிருந்தது.

அந்தப் பட்டை எதற்கு என்று கிளெண்டாவுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். பிறந்து நூறு வருடம் ஆகாதவர், செத்ததற்கு அத்தாட்சியும் இல்லாதவர் என்றால் பெயரை மூடிவைப்பார்கள். அதாவது அந்தப் பட்டைக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தது. இன்றைக்கும் எங்கேயாவது இருக்கலாம்.

இருந்தால் இத்தனை நாளில் நார்மனிடம் வந்திருக்க மாட்டார்களா என்று பக்கத்தை மூடினாள்.

மரத்தை அழகாக வரைந்து நார்மனிடம் நீட்டினாள். அவன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நீ சொன்னா சரி. நீ சரிபாக்காததை வேற எவன் சரிபாக்கப்போறான்?" என்று கையெழுத்துப் போட்டான்.

ஏப்ரலில் ஒருநாள் வெயில் வந்தது. டெரெக்கைச் சக்கர நாற்காலியில் வைத்து மேடேற்றிக் கூட்டிப்போனாள். அவன் கல்லை மேலிருந்து கீழ்வரை படித்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய், முகமெல்லாம் சிரிப்பு.

"தீக்குள்ள போயிருக்கான்யா மனுஷன்! நம்ம ரத்தமா இது? எனக்கு டோஸ்ட் கருகினாலே தெருவுக்கு ஓடிடுவேனே."

"உனக்கு அம்மா பக்கத்துப் புத்தி வரலை, அவ்வளவுதான்."

"கிளெண்டா, நிச்சயமா நம்ம ஆளுதானே? இன்னொருத்தன் கட்டில்ல போய்ப் படுக்கறது எனக்குப் பழக்கமில்ல. பிளாக்பூல்ல ஒரு தடவை தெரியாம நடந்துச்சு, அதுக்கே அவன் விட்ட குத்துல கண்ணு வீங்கிப்போச்சு."

"நிச்சயம்" என்றாள். அப்போது அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. முக்கால் பொய்.

அன்று மாலை டெரெக் பேண்டு ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு, மூச்சு வாங்க வாங்க, தாத்தாவின் பெருமையை அளந்தான். அப்புறம் தங்கையைக் கூப்பிட்டு, அந்த மரத்தைச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னான்.

சட்டம் போடுவதென்றால் விடுபட்ட தேதிகளை நிரப்ப வேண்டாமா? அதற்காகத்தான் கணினி முன் உட்கார்ந்தாள். ஃப்ரெட் லம், மார்ஸ்டேல் வட்டம், இறப்பு என்று பழக்கதோஷத்தில் விரல் தட்டியது. கிழட்டு வயதில் செத்த ஒருவரை எதிர்பார்த்தாள். இன்னொருவர் வந்தார். 1883, ஃப்ரெட் லம், வயது ஒன்பது.

உடனே சான்றிதழுக்கு எழுதிப்போட்டாள். ஆற்றங்கரைச் சந்துப் பையனாக இருக்கட்டும், ஆற்றங்கரைச் சந்துப் பையனாக இருக்கட்டும் என்று அந்த வாரம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. ஒரு பிள்ளை செத்ததில் இந்தப் பிள்ளை வேண்டாம், அந்தப் பிள்ளை போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்று ஒரு கணம் அவளுக்கே அருவருப்பாக வந்தது. சான்றிதழ் வந்தது. மேட்டுத்தெரு. செங்காய்ச்சல். நூற்பாலை மேற்பார்வையாளர் ஜேபஸ் லம்மின் மகன்.

ஆக, மேற்பார்வையாளர் வீட்டு ஃப்ரெட் கல்யாணமும் கட்டவில்லை, அவள் பாட்டியைப் பெறவும் இல்லை. அந்தக் கல்லறை வாங்குமுன்பே செத்ததால் அவன் பெயர் கல்லிலும் இல்லை. கிளெண்டாவின் பாட்டனார் ஆற்றங்கரைச் சந்துக் கூலிக்காரர். அவர் எங்கே கிடக்கிறார் என்றும் அவளுக்குத் தெரியும். அதே சாப்பல் தோட்டத்தின் கோடியில், சுவரோரம், ஏழைகளை ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிய பொதுக்குழியில். கல் கிடையாது. இனி யாரையும் அங்கே வைக்கவும் முடியாது.

அடுப்படியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேயை வைத்துக் குடும்பம் நடத்தியது வேறு யாருமில்லை, அவள்தான். ஊரார் மானத்தையெல்லாம் வாங்கியவளுக்குத் தன் மானம் போவது இப்படி இருக்கும் என்று தெரியாது. காது மடல் சுட்டது.

"என்னடி பண்றே அங்க? சட்டம் ரெடியா?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

போனாள். அவன் இளைத்துப் பாதியாகக் கிடந்தான். கண் மட்டும் பழைய கண்.

"எல்லாம் சரியா இருக்கா?"

சொல்லியிருக்கலாம். டெரெக், தப்பு நடந்துபோச்சு, நாம வேற வழி பாப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவன் கோபித்திருப்பான், அப்புறம் சிரித்திருப்பான். அவனுக்கு அந்தத் தைரியம் இருந்தது. அவளுக்குத்தான் இல்லை.

"சரியா இருக்கு" என்றாள். சட்டத்தைச் சுவரில் மாட்டினாள். ஆணி கோணலாகப் போயிற்று, அவள் நிமிர்த்தவில்லை.

மே மாதம் டெரெக் போனான். பேண்டு முன்னால் வாசித்துக்கொண்டு மேடேறியது, ஊரே வந்தது. ஜேபஸ் லம்மின் கல்லறையைத் திறந்து, ஆர்தருக்கும் மார்த்தாவுக்கும் மேலே, கடைசியாக மிச்சமிருந்த இடத்தில் அவனை இறக்கினார்கள். பாதிரியார் தீயில் குதித்த பாட்டனையும் பித்தளை ஊதிய பேரனையும் சேர்த்து இரண்டு வார்த்தை அழகாகப் பேசினார். கிளெண்டா தலை நிமிரவில்லை. துக்கம் என்று நினைத்து ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அடியாக விழுந்தது.

மண் இறுகட்டும், பிறகு பெயர் வெட்டலாம் என்று நார்மன் சொல்லியிருந்தான். ஆகஸ்டில் அவனிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"கிளெண்டா, கொஞ்சம் சாப்பலுக்கு வர்றியா? மோர்கேம்லேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. எஃபி லம். ஆர்தர் லம்மோட பொண்ணாம்."

போனை வைத்துவிட்டு மேடேறினாள். பட்டைக்குக் கீழே இருந்த பிள்ளை எழுந்து வந்துவிட்டது.

தொண்ணூறு தாண்டிய கிழவி. குள்ளம், கையில் தடி, ஆகஸ்டிலும் பொத்தான் போட்ட கோட்டு. கல்லறைக்கு முன்னால் நார்மன் போட்ட மடக்கு நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சளாகிப்போன பத்திரம். ஜேபஸ் லம் அந்தக் கல்லறையை வாங்கிய பத்திரம்.

"நீதானா அது? கிட்ட வா, எனக்குத் தூரம் தெரியாது." குரலில் இன்னும் மார்ஸ்டேல் வழக்கு ஒட்டியிருந்தது. "நான் மோர்கேம்ல கடலைப் பாத்தாப்பல தங்கும் விடுதி நடத்தினவ, கண்ணு. காலமெல்லாம் கட்டில் வாடகைக்கு விட்டேன். ஒருத்தருக்குச் சொல்லிவெச்ச கட்டிலை இன்னொருத்தருக்கு ஒரு நாளும் குடுத்ததில்ல. பாங்க் ஹாலிடே விடுமுறைக் கூட்டத்துலகூட. இங்க என் கட்டில்ல யாரு படுத்திருக்கா?"

நார்மன் கையைப் பிசைந்தான். "மிஸ் லம், தப்பு சாப்பலோடது. பேர் குழப்பம். ஒரே பேர்ல ரெண்டு பேரு இருந்திருக்காங்க, யாருக்கும் தெரியலை..."

அவன் போட்டுக் கொடுத்த பாதை அது. கிளெண்டா அதில் நடந்து போயிருக்கலாம். அவள் தெரிந்தே செய்தது நார்மனுக்கும் தெரியாது, டெரெக்கும் இல்லை. ஆனால் அந்தக் கிழவியின் கைகளைப் பார்த்தாள். பத்திரத்தை இரண்டு கையாலும், பள்ளிக்கூடப் பிள்ளை பலகையைப் பிடிப்பது மாதிரிப் பிடித்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் கிளெண்டா.

நார்மன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன் உயிரோட இருக்கும்போதே தெரியும். உங்க தாத்தாவோட ஃப்ரெட் ஒன்பது வயசுல செத்துட்டான்னு சான்றிதழே வந்துச்சு. மறைச்சுட்டேன். எங்க தாத்தா வேற ஜேபஸ். அதோ, அந்தச் சுவரோரம்."

"சரி. அது உன் வீட்டுக் கணக்கு" என்றாள் எஃபி. "என் கணக்கைச் சொல்லு. நான் ஒருத்தி இருக்கறது தெரியுமா, தெரியாதா?"

கிளெண்டா கறுப்புப் பட்டையைப் பற்றிச் சொன்னாள். எதற்காக மூடுவார்கள் என்பதையும் சொன்னாள். கிழவி கவனமாகக் கேட்டாள்.

"போர் ஆரம்பிச்ச வருஷமா? அப்ப எனக்கு எட்டு வயசு. எங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்த வரியில நான்தான்."

"ஆமா."

"பட்டைக்குக் கீழ ஆள் இருக்குன்னு தெரிஞ்சுது உனக்கு."

"தெரிஞ்சுது."

"தேடலை."

"தேடலை."

"ஊர்ல இருக்கற எல்லார் தாத்தாவையும் தேடிக் குடுக்கறவளாமே நீ. என்னை ஏன் தேடலை?"

"தேடினா கிடைச்சுடுவீங்க" என்றாள் கிளெண்டா.

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அதுதான் நிஜம். நார்மன் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். கையெழுத்துப் போட்டவன் அவன்.

"எடுத்துடறேன்" என்றாள் கிளெண்டா, அவசர அவசரமாக. "அரசாங்க அனுமதி வாங்கணும், வாங்கிடறேன். அவனை எடுத்துப் புது இடத்துல வெச்சுடறேன். உங்க இடம் உங்களுக்கு..."

"வாயை மூடு." கிழவி தடியைத் தரையில் ஊன்றினாள். "செத்தவனைத் தோண்டி எடுத்து லாரியில ஏத்துவியா? அவன் என்ன பண்ணினான் பாவம். படுன்னு சொன்ன இடத்துல படுத்தான். சாவி குடுத்தவளை விட்டுட்டுத் தூங்கறவனை எழுப்பி வெளிய தள்ளறது என் தொழில்ல கிடையாது."

பத்திரத்தை மடித்தாள். அப்புறம் நார்மன் பக்கம் திரும்பி, "அப்ப எனக்கு என்ன வழி?" என்றாள். குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது.

நார்மன் கல்லைப் பார்த்துச் சொன்னான். "பெட்டியா வைக்க இடமில்ல, மிஸ் லம். சாம்பலா இருந்தா... மேலாப்புல சின்னதாத் தோண்டி வைக்கலாம்."

எஃபி எழுந்தாள். தாத்தாவின் பெயரை விரலால் தடவினாள்.

"எங்க வீட்டுல யாரையும் எரிச்சதில்ல. தாத்தாவை நான் பாத்ததில்ல, அப்பா சொல்லுவார். அந்தத் தீக்கு அப்புறம் அவர் கைவிரல் மடங்கவே இல்லையாம். கரண்டி பிடிக்க முடியாதாம். பாட்டி ஊட்டுவாங்களாம். ராத்திரியெல்லாம் கத்துவாராம். அதைக் கேட்டு வளந்தவர் எங்கப்பா. விடுதியில முப்பது அறை, ஒரு அறையிலகூட நான் கணப்பு மூட்ட விட்டதில்ல. எல்லாம் மின்சாரம்." கிளெண்டாவைப் பார்த்தாள். "நீ அந்தத் தீயைத்தானே ஊரெல்லாம் பெருமையாச் சொன்னே?"

 வெட்கம் கிளெண்டாவை நின்ற இடத்திலேயே பிடுங்கித் தின்றது. அந்தத் தீயைக் கல்லில் படித்தாள், கூட்டத்தில் சொன்னாள், சட்டம் போட்டு மாட்டினாள். அந்த மனிதர் கரண்டி பிடித்தாரா என்று ஒரு நாள் யோசித்ததில்லை.

"சரி. அம்மாகிட்டப் போக எரிஞ்சுதான் ஆகணும்னா, எரிஞ்சே போறேன்" என்றாள் எஃபி. "ஆனா ரெண்டு விஷயம். என்னை நீதான் தூக்கிட்டு வரணும். எனக்கு வேற ஆள் கிடையாது."

"வரேன்."

"உங்கண்ணன் இருக்கட்டும். ஆனா அவன் பேரு எங்கப்பா கல்லுல வரக்கூடாது. யாராவது ஏன்னு கேட்டா, நீயே சொல்லு. நார்மன் சொல்லக்கூடாது. நீ."

எஃபி அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மோர்கேம் தகனக் கூடத்தில் கிளெண்டா ஒருத்திதான் இருந்தாள். சவப்பெட்டிக்கு முன்னால் திரை மூடியபோது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது, மூடவில்லை. பேருந்தில் வரும்போது மடியில் வைத்திருந்த சாம்பல் பெட்டி எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. நார்மன் சின்னக் குழி தோண்டினான், அவள் மண்டியிட்டு வைத்தாள். எஃபிக்கும் மார்த்தாவுக்கும் நடுவில் டெரெக் கிடந்தான். கல்வெட்டுகிறவன் வந்து, மார்த்தாவின் பெயருக்குக் கீழே எஃபியின் பெயரை வெட்டிவிட்டுப் போனான். அதற்குக் கீழே இனி எழுத இடமில்லை.

வம்சாவளிக் குழுவில் தான் பார்த்துவந்த செயலாளர் வேலையை விட்டாள். ஒரே ஒரு காரியம் செய்தாள். எஃபியின் இறப்புச் சான்றிதழை அனுப்பி, 1939 பதிவேட்டில் மூடிய வரியைத் திறக்கச் சொன்னாள். பட்டை போய், எழுத்து வந்தது. எஃபி லம், பள்ளி மாணவி. கிளெண்டா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பேண்டு ஊர்வலம் போகும். சாப்பல் வாசலில் முடியும். அந்த வருடம் ஆட்கள் குழலோடு அப்படியே பின்னால் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள், டெரெக்குக்கு ஒரு பாட்டு வாசிக்க. கிளெண்டா அங்கே இருப்பாள் என்று தெரிந்து டெரெக்கின் தங்கை என்கிற மரியாதைக்கு அவளுக்கும் ஒரு பேண்டுத் தொப்பி கொண்டுவந்திருந்தார்கள்.

டெரெக்கின் குழலை இப்போது வாசிக்கிற கீத் கல்லைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"என்ன கிளெண்டா, இன்னும் டெரெக் பேரைப் போடலையா? இது யாரு எஃபி? டெரெக் எங்க?"

நார்மன் வாயைத் திறந்து மூடிக்கொண்டான். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். வருடக்கணக்காக டெரெக்கோடு வாசித்தவர்கள், அவன் தாத்தா கதையைப் போனில் கேட்டவர்கள்.

"இது எங்க வம்சத்துக் கல்லறை இல்ல, கீத்" என்றாள். "தீயில போனவர் எங்க தாத்தா இல்ல. எனக்கு அது முன்னாடியே தெரியும். அவனை வைக்கறதுக்கு முன்னாடியே. இந்த இடம் எஃபி அம்மாவோடது. நான் எடுத்துட்டேன், அவங்க எரிய வேண்டியதாப்போச்சு."

 யாரோ ஒருவருடைய குழலிலிருந்து எச்சில் தண்ணீர் சொட்டிற்று.

"டெரெக்குக்குத் தெரியுமா?" என்றான் கீத்.

"தெரியாது. நிச்சயமான்னு கேட்டான். நிச்சயம்னு சொன்னேன்."

கீத் குழலைக் கீழே இறக்கினான்.  அப்புறம் தொப்பியைக் கழற்றி, டெரெக்கிடம் அல்ல, கல்லில் எஃபியின் பெயரைப் பார்த்து, "அம்மா, உங்க வீட்டுல ஒரு பாட்டு வாசிச்சுக்கலாமா?" என்று கேட்டான். மற்றவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். கிளெண்டாவுக்கென்று கொண்டுவந்த தொப்பியை யாரும் அவளிடம் நீட்டவில்லை.

அவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் அவள் மெல்ல நகர்ந்து, காஞ்சொறி மண்டிக்கிடந்த கோடிச் சுவரோரம் போனாள். அவளுடைய ஜேபஸ் லம் அங்கேதான் எங்கேயோ இருந்தார். பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றாள்.